கருங்கல்லா, கடப்பாவா, கிரானைட்டா: பழைய வீட்டுக் கல்லை இனம் காண்பது

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதம் இது. சிவகங்கைப் பக்கத்தில் தாத்தா காலத்து வீட்டைப் பிரிக்கிறீர்கள். அலமாரித் தட்டுகளாக இருந்த மெல்லிய கருப்புப் பலகைகள், பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் வாசற்படியும் தூண்களும், சுற்றுச்சுவரில் ஓட்டை ஓட்டையாகச் செந்நிறக் கல் என மூன்று வகை கிடைத்திருக்கிறது. கொத்தனார் முதல் இரண்டையும் கருங்கல் என்கிறார். இன்னொருவர் அந்தக் கருப்புப் பலகை பிளாக் கிரானைட், சமையல் மேடைக்குப் போடலாம் என்கிறார். எது எந்தக் கல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது உங்கள் கேள்வி. ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது பெயர் அல்ல; எந்தக் கல்லை எங்கே போட்டால் நிற்கும் என்பதுதான். கடையில் வழங்கும் பெயர் அதற்கு உதவாது. பாலிஷ் ஏறும் கெட்டியான கல் எதுவானாலும் கல் வியாபாரத்தில் அது கிரானைட். ‘காஷ்மீர் வொயிட்’ வெட்டியெடுக்கப்படுவது மதுரைப் பக்கத்துக் குவாரிகளில். காஷ்மீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘கருங்கல்’ என்ற நம்முடைய சொல்லும் அப்படித்தான், நாலைந்து பாறை வகைகளை ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடும்.

எந்தச் சோதனைக்கும் முன்னால் புதிதாக உடைந்த முகம் ஒன்று வேண்டும். பழைய கல்லின் மேல்பரப்பு எண்ணெய், புகை, காவி, சுண்ணாம்பு என்று எதையெதையோ குடித்திருக்கும். வெயிலும் மழையும் பட்டுப் பாறையின் தோலே நிறம் மாறியிருக்கும். பலகையின் பின்பக்க மூலையிலோ, சுவருக்குள் புதைந்திருந்த முனையிலோ கட்டைவிரல் நகமளவு ஒரு சில்லு பெயர்த்தால் போதும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உளி வையுங்கள், கல் சில்லு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. உடைந்த முகத்தைத் தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு ஒரு முறையும் காய்ந்த பிறகு ஒரு முறையும் பாருங்கள். ஈரத்தில் நிறமும் வரியும் எடுப்பாகத் தெரியும், காய்ந்த பின் மணிகளின் பளபளப்பு தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது.

அடுத்தது கீறல். ஒரு இரும்பு ஆணியோ உடைந்த ஹேக்சா பிளேடோ எடுத்து அழுத்திக் கீறுங்கள். பலர் ஏமாறும் இடம் இது. கெட்டியான கல்லில் கீறினாலும் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும். அது கல்லில் விழுந்த கீறல் அல்ல, ஆணி தேய்ந்து ஒட்டிய இரும்பு. ஈர விரலால் அழுத்தித் தேய்த்து, நகத்தால் அந்த இடத்தைத் தடவுங்கள். பள்ளம் தட்டுப்படாமல் கோடு மங்கினால் கல்தான் ஜெயித்தது. வெள்ளைப் பொடி உதிர்ந்து பள்ளம் நின்றால் ஆணி ஜெயித்தது. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் நம் விரல் நகம் ஏறக்குறைய 2.5, சாதாரண இரும்பும் ஜன்னல் கண்ணாடியும் 5.5 அருகில், கிரானைட்டில் உள்ள கனிமங்களான ஃபெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. சுண்ணாம்புக்கல்லும் மார்பிளும் கால்சைட் என்ற கனிமத்தால் ஆனவை, அது வெறும் 3. ஆகவே ஆணி ஆழமாகக் கீறினால் அது கிரானைட் குடும்பமே அல்ல. நகமே கீறினால் மாக்கல். கல்சட்டி செய்வது அதில்தான். ஒரே இடத்தில் கீறிவிட்டு முடிவு கட்டாதீர்கள். கிரானைட்டுக்குள்ளும் மைக்கா (காக்காய்ப்பொன்) ஏடுகள் மெத்தென்று பெயர்ந்து வரும். கடைக் கல்லாக இருந்தால் மேலே பூசிய பிசினும் மெழுகும் கீறப்பட்டு, கல்லே கீறியது போலக் காட்டும்.

மூன்றாவது ஆசிட். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் உடனே நுரைத்துப் பொங்கும், குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் சும்மா கிடக்கும். கழிவறை கழுவ விற்கும் ஆசிட்டில் ஒரு பங்கை மூன்று பங்கு தண்ணீரில் ஊற்றினால் போதுமானது. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறை போட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் இருக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். ஆசிட் வேண்டாம் என்றால் கல்லைக் கீறிக் கொஞ்சம் பொடி எடுத்து, அதன்மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டு லென்ஸில் பாருங்கள். சிறு குமிழிகள் மெதுவாகக் கிளம்பும். டோலமைட் என்ற கனிமம் கலந்த மார்பிள் முழுக் கல்லாக இருக்கும்போது பொங்காது, பொடியாக்கினால்தான் பொங்கும். அதனால் ‘பொங்கவில்லை’ என்று சொல்வதற்கு முன் பொடியிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இன்னொரு பக்கம், கிரானைட்டின் மேல் பழைய சுண்ணாம்பு வெள்ளையோ சிமென்ட் கறையோ இருந்தாலும் பொங்கும். கல்லின் இடுக்கில் ஓடும் வெள்ளை நரம்பு கால்சைட்டாக இருந்தால் அந்த நரம்பு மட்டும் பொங்கும். புதிதாக உடைந்த முகத்தில்தான் சோதிக்க வேண்டும் என்று மேலே வற்புறுத்தியதற்கு இதுவும் காரணம்.

இனி உங்கள் கருப்புப் பலகைக்கு வருகிறேன். ஏறக்குறைய ஒரு அங்குல கனம், இரண்டு முகமும் தானாகவே சமதளமாக இருக்கின்றன, ரம்பம் ஓடிய தடம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விவரமே பாதிப் பதில். கிரானைட்டை அந்த மெல்லிசுக்கு அறுக்க இயந்திர ரம்பம் வேண்டும். ரம்பம் பட்டிருந்தால் முதுகுப் பக்கத்தில் நேர்கோடாகவோ வில் போலவோ தடங்கள் இருக்கும். ரம்பம் இல்லாமல் இத்தனை மெல்லிசாகவும் சமமாகவும் கிடைக்கும் கல், படலம் படலமாகப் படிந்து உருவான கல்லாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஆந்திராவின் கடப்பா, கர்நூல் பகுதிகளிலிருந்து வரும் கடப்பா கல் அப்படிப்பட்ட சுண்ணாம்புக்கல். கரிப்பொருள் கலந்ததால் கருப்பு. தெலங்கானாவின் தாண்டூர் கல், கர்நாடகத்தின் ஷாபாத் கல், ராஜஸ்தானின் கோட்டா கல் எல்லாம் நிறத்தில் வேறானாலும் சுண்ணாம்புக்கல்தான். உங்கள் பலகையை ஆணியால் கீறுங்கள். கருப்புக் கல்லில் வெள்ளைக் கோடு விழுந்து, ஆசிட் சொட்டில் பொங்கி, பொங்கிய இடம் சாம்பலாக மங்கினால் அது கடப்பா. கிரானைட் இல்லை என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கீறலாம், ஏடு ஏடாகப் பிரிகிறது, ஆனால் பொங்கவில்லை என்றால் பலகைக்கல், அதாவது ஸ்லேட். ஆந்திராவின் மார்க்காபுரம் அதற்குப் பெயர் போனது. கீறவும் முடியவில்லை, பொங்கவும் இல்லை, உடைந்த முகத்தில் கருப்புக்கு நடுவே குச்சி குச்சியாகச் சாம்பல் நிற ஃபெல்ஸ்பார் மினுங்குகிறது என்றால் அது டோலரைட் என்ற கெட்டியான கரும்பாறை. கடையில் பிளாக் கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் டோலரைட்டோ அதே குடும்பத்துக் கேப்ரோவோதான். பாறையியலின்படி அவை கிரானைட்டே இல்லை, ஆனால் சமையல் மேடைக்கு அசல் கிரானைட்டைவிட நன்றாகவே உழைக்கும். இந்தப் பெயர்க் குழப்பத்தில் வாங்குபவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

நஷ்டம் வருவது கடப்பாவைப் பிளாக் கிரானைட் என்று நம்பி மேடைக்குப் போடும்போதுதான். எலுமிச்சை, புளி, தயிர், தக்காளி எல்லாமே அமிலம். புளிக்கரைசல் பத்து நிமிடம் நின்றால் பாலிஷ் போய் வெளிறிய வட்டம் விழும். அது கறை அல்ல, கல்லே கரைந்த தடம். எந்த சோப்பாலும் போகாது, மறுபடி தேய்த்து பாலிஷ் போட்டால்தான் உண்டு. அதே பலகை அலமாரித் தட்டுக்கும் பரணுக்கும் அருமையானது, உங்கள் தாத்தா தெரிந்துதான் அங்கே போட்டிருக்கிறார். குளியலறையிலும் போடலாம், ஆனால் ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் உள்ள வீட்டில் வேண்டாம்.

கடையில் புதுக் கருப்புக் கல் வாங்கப் போனால் இன்னொன்றையும் பாருங்கள். சாம்பல் நிற டோலரைட்டுக்குச் சாயம் ஏற்றிக் கருப்பாக்கி விற்பது உண்டு. வெள்ளைப் பஞ்சில் அசிட்டோன் (நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் பெரும்பாலும் அதுதான்) நனைத்து, பாலிஷ் முகத்திலும் வெட்டிய ஓரத்திலும் அழுத்தித் துடையுங்கள். பஞ்சு கருத்தால் சாயம். பஞ்சு வெளுப்பாகவே இருந்தால் சாயமே இல்லை என்று உறுதி சொல்ல முடியாது, மேலே பிசின் பூசியிருந்தால் அது சாயத்தை அடைத்து வைத்திருக்கும். முதுகுப் பக்கத்தையும் முன்பக்கத்தையும் ஈரத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நம்பகமானது.

வாசற்படியும் தூணும் வேறு கதை. பச்சை கலந்த சாம்பல் நிறம், உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு, குவார்ட்ஸ் மணிகள் நீலச் சாயலில் தெரிகின்றன என்றால் அது சார்னோகைட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் கருங்கல் என்று அடித்தளத்துக்கும் ஜல்லிக்கும் போவதில் பெரும்பகுதி இதுவும் நைஸ் என்ற வரிப்பாறையும்தான். சார்னோகைட் என்ற பெயர் வந்த வழி வேடிக்கையானது. கொல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் உள்ள கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த பாறையியலாளர் தாமஸ் ஹாலண்ட், அந்த வகைப் பாறைக்கு 1893இல் சார்னோக்கின் பெயரையே வைத்தார். கல் போனதோ சென்னைப் பக்கத்துப் பரங்கிமலை, பல்லாவரம் பாறையிலிருந்து. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் இதிலும் உண்டு. கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் கனிமம் இருப்பதுதான் வேறுபாடு. மணிகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்து கிடந்து, ஃபெல்ஸ்பார் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகத்தோடு மின்னி, கருப்பு மைக்கா ஏடுகள் ஊசியால் நெம்பினால் பெயர்ந்து வந்தால் அது அசல் கிரானைட். அதே கனிமங்கள் கருப்பு வெள்ளைப் பட்டைகளாக வரிசை பிடித்து நின்றால் நைஸ். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் வேலிக் கால்களாக நட்டிருக்கும் நீளக் கற்கள் இந்த வகை.

இங்கே கண்ணாலும் லென்ஸாலும் செய்யும் இனம்காணலுக்கு ஒரு எல்லை இருக்கிறது. சார்னோகைட்டா, நைஸா, இரண்டுக்கும் நடுவில் உள்ளதா என்பதை உறுதியாகச் சொல்ல, கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கல்லூரிகளின் புவியியல் துறைகளில், அதாவது பாறையைப் படிக்கும் ஜியாலஜி துறைகளில், இது வழக்கமாகச் செய்யும் வேலை. வீட்டுத் தேவைக்கு அது அவசியமே இல்லை. மூன்றும் ஆணிக்கு மசியாது, ஆசிட்டுக்கு அசையாது, வாசற்படிக்கும் சமையல் மேடைக்கும் ஒன்றுபோல உழைக்கும். கல்லைப் பார்த்தே ‘இது இந்தக் குவாரிக் கல்’ என்று சொல்பவர்களை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்; ஒரே மாதிரிப் பாறை பல மாவட்டங்களில் கிடைக்கிறது.

கருப்புக் கல்லில் மட்டும் எடை கைகொடுக்கும். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். அரைக் கிலோவுக்குக் குறையாத ஒரு துண்டை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி கையில் தொங்கவிட்டுப் பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, மில்லிலிட்டரில். 640 கிராம் கல்லுக்கு 215 என்று காட்டினால் 640ஐ 215ஆல் வகுக்க 2.98 வரும்; டோலரைட், கேப்ரோ வகைகள் 2.9 முதல் 3.1 வரை நிற்கும். 240 என்று காட்டினால் 2.67, அது கிரானைட்டாகவும் இருக்கலாம், கடப்பாவாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றே. அங்கே தீர்ப்புச் சொல்ல ஆசிட்தான் வேண்டும். 2.4 பக்கம் வந்தால் மணற்கல்லா அல்லது பிசினில் குவார்ட்ஸ் பொடி கலந்து வார்த்த செயற்கைப் பலகையா என்று பாருங்கள். செயற்கையில் மணிகள் எல்லாம் ஒரே அளவில், எந்தப் பக்கமும் ஓட்டம் இல்லாமல் பொரியுருண்டை போலச் சீராக இருக்கும்.

செந்நிறக் கல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டைகள், துரு நிறம், ஆசிட்டில் பொங்காமை மூன்றும் சேர்ந்தால் செம்புரைக்கல். பிரான்சிஸ் புக்கானன் 1807இல் கேரளத்தின் அங்காடிப்புரத்துக் கல்லை விவரித்து ‘லேட்டரைட்’ என்று பெயர் வைத்தார். லத்தீனில் ‘லேட்டர்’ என்றால் செங்கல். பூமிக்குள் இருக்கும்போது கோடரியால் வெட்டும் அளவுக்கு மெத்தென்று இருந்து, காற்றுப் பட்டுக் காயும்போது இறுகும். சுற்றுச்சுவருக்கு மறுபடி தாராளமாகப் பயன்படுத்துங்கள். தரைமட்டத்துக்குக் கீழே, தண்ணீர் நிற்கும் இடத்தில் மட்டும் வேண்டாம், நனைந்தால் அதன் பலம் நன்றாகக் குறையும். அடி வரிசைக்கு உங்கள் கருங்கல்லைப் போட்டு மேலே இதை ஏற்றுவதே முறை. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல்; கெட்டியான கல்லை ஈரத்துக்குப் பக்கத்தில் வைக்கும் அதே கணக்குதான். அங்கே மேலே உள்ள மணற்கல் எவ்வளவு அரித்திருக்கிறது என்பதை நேரில் பார்த்தால், கீழே ஏன் அதைப் போடவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வகை தெரிந்த பிறகும் அந்தக் குறிப்பிட்ட கல் நலமாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. என் கணக்கில் இதுதான் பெரிய கேள்வி. இரண்டு மரக்கட்டை மேல் கல்லைக் கிடத்தி, சின்னச் சுத்தியலால் பல இடங்களில் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் உள்ளே விரிசல் இல்லை. ஒரு பக்கம் கணீர் என்றும் ஒரு பக்கம் மந்தமாகவும் கேட்டால் நடுவில் எங்கோ கீறல் ஓடுகிறது. ஸ்தபதிகள் ஒலியை வைத்து ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பது சிலைக்குக் கல் தேர்வதற்கான முறை. பாறை வகையைச் சொல்லும் சோதனையாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்ல கடப்பா பலகையும் கணீர் என்றுதான் ஒலிக்கும். அடுத்து நீர் உறிஞ்சல். இரண்டு கிலோ துண்டு ஒன்றை மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து நிறுங்கள், 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்துணியால் மேலே துடைத்துவிட்டு மறுபடி நிறுங்கள். எட்டு கிராம் கூடியிருந்தால் 0.4 சதவீதம், அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் தரநிலை கட்டடக் கிரானைட்டுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு அதுதான். மார்பிளுக்கு 0.2, மணற்கல்லுக்கு 8 வரை அனுமதி. உங்கள் ‘கிரானைட்’ ஒரு சதவீதம் குடித்தால் அது சிதையத் தொடங்கிய கல், மேடையில் போட்டால் எண்ணெய்க் கறை உள்ளே இறங்கிவிடும். வீட்டு வெயில் ஆய்வகச் சூளை ஆகாது, அதனால் இந்த எண்ணைத் தோராயமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

படலக் கல்லை மறுபடி பதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். படிந்த வாக்கிலேயே படுக்கையாகப் போட வேண்டும். படலம் சுவரின் முகத்துக்கு இணையாக நிற்கும்படி நிறுத்திப் பதித்தால் சில ஆண்டு மழைக்குப் பிறகு வெங்காயத் தோல் போல உரியும். பச்சை மார்பிள் என்று விற்பது வேறு தொல்லை. ராஜஸ்தானிலிருந்து வரும் அது பெரும்பாலும் செர்பென்டைன் பாறை. ஆசிட்டில் வெள்ளை நரம்பு மட்டும் பொங்கும், பச்சை பொங்காது. தண்ணீர் கலந்த சிமென்ட் பசையில் ஒட்டினால் பலகை வளைந்துகொள்ளும், எப்பாக்ஸி பசையில்தான் ஒட்ட வேண்டும்.

ஆள் வைத்துத் தூக்குவதற்கு முன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 20 மில்லிமீட்டர் கனமுள்ள கல் சதுர அடிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ. நான்கடி நீளம், இரண்டடி அகலம், நான்கு அங்குல கனமுள்ள உங்கள் வாசற்படி இருநூறு கிலோ இருக்கும், இரண்டு பேர் வேலை அல்ல. அதைப் புரட்டியதும் அடிப்பக்கத்தை முதலில் தண்ணீர் ஊற்றித் துடைத்துப் பாருங்கள். பழைய வீட்டுப் படிகளில் இடிந்த கோயில் கல் வந்து சேர்ந்திருப்பது உண்டு. எழுத்தோ செதுக்கலோ தெரிந்தால் அதில் ஆசிட்டும் வேண்டாம், உளியும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். படமெடுத்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்துங்கள்.